அக்கா போன அன்று யானை பிளிறியது

என் அக்கா புருஷனுக்கு வாய் இரண்டே வேலைக்குத்தான். ஒன்று சாப்பிட, இன்னொன்று டியூபா ஊத. அதைப் பேசுவதற்கும் பயன்படுத்தலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். "ஊர்ப் பூட்டையெல்லாம் திறப்பார். வாயைத் திறங்கன்னா மட்டும் சாவி தொலைஞ்சு போயிடும்" என்று அக்கா அவர் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பாள். அத்தானும் சிரிப்பார். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

கடைக்குள் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியேதான் நிற்க வேண்டும். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கும். மேஜையில் சாவியை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், தேய்ந்த அரங்கள், எண்ணெய்க் குப்பி. அவர் சட்டைப் பையை உதறினால் பித்தளைத் தூள் கொட்டும், அக்கா அதைத் துவைக்கும்போது திட்டிக்கொண்டே துவைப்பாள். சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களிடம் "உங்க வீடுதானே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதிலைக் காதில் வாங்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். முகம் சரியாக இருந்தால்தான் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஆளை எடைபோடுவதில் அத்தானை யாரும் ஏமாற்ற முடியாது என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

டியூபா என்றால் பேண்டிலேயே பெரிய பித்தளைக் குழல். தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு கட்டிப்பிடித்துத்தான் அதை ஊத முடியும். அதன் வாய் ஊதுகிறவர் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். அக்கா அதற்கு யானை என்று பேர் வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் அத்தான் அதை வீட்டிலேயே வைத்துப் பழகுவார், ஜன்னல் கண்ணாடி அதிரும், அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். "ஒண்ணு நான் இருக்கணும், இல்ல உங்க யானை இருக்கணும்" என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றதால் யானை மாதா கோயில் பின்பக்கத்து பேண்டு அறைக்குக் குடிபோனது. அந்த அறைக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

கோயிலுக்குள் ஆர்கன் உண்டு, பாடகர் குழு உண்டு. இந்த எட்டுப் பேர் பேண்டுக்கு உள்ளே வேலை கிடையாது. அவர்கள் ஊதுவது தெருவில்தான். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைக்கு முன்னால் நடந்து ஊதுவார்கள். யாராவது இறந்தால் வீட்டிலிருந்து கல்லறை வரை பெட்டிக்கு முன்னால் நடந்து, நாங்கள் இரக்கப் பாட்டு என்று சொல்கிற பாட்டை ஊதுவார்கள். ஒவ்வொரு தெரு முக்கிலும் பெட்டி நிற்கும், தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவார்கள், அதுவரை டியூபா ஒரே ஒரு அடிச்சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். கோயில் வாசலை மிதிக்காதவர்கள்கூட அந்தச் சத்தத்துக்குத் தொப்பியைக் கழற்றுவார்கள்.

இந்த பேண்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊதுகிறவர் ஒருவரின் வீட்டில் சாவு விழுந்தால், அன்று அவர் வெறுங்கையோடு பெட்டிக்குப் பின்னால் நடப்பார். அவருடைய வாத்தியத்தை வேறு யாரும் தொடக்கூடாது. பாட்டில் அவர் இடம் காலியாகவே போகும். பெரிய டிரம் அடிப்பவரின் மகள் இறந்தபோது டிரம் இல்லாமல் போனார்கள். ஒருவர் காலும் இன்னொருவர் காலோடு சேரவில்லை, மொத்த ஊர்வலமும் தடுமாறித் தடுமாறிப் போயிற்று. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்க்காமலே "ஐயோ, டிரம்காரர் வீடா" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். யார் வீட்டுத் துக்கம் என்பதைக் காதே சொல்லிவிடும்.

பேண்டுக்குத் தலைவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். எல்லோருக்கும் அவர் கேப்டன். கார்னெட் என்கிற சின்னக் குழல் அவருடையது, பாட்டின் மெட்டு முழுக்க அதில்தான் வரும். அவரும் அத்தானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பேசுவதெல்லாம் அவர், தலையாட்டுவதெல்லாம் இவர். கேப்டனின் அம்மா இறந்தபோது வழக்கப்படி கார்னெட் வாயைத் திறக்கவில்லை. மெட்டே இல்லை, அடிச்சத்தம் மட்டும். அன்று அந்தப் பாட்டை அத்தான்தான் தன் மூச்சில் சுமந்துகொண்டு போனார். கல்லறையில் இறக்கி வைத்ததும் கேப்டன் அவர் தோளில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், அதனால்தான் இப்போது வயிறு எரிகிறது.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், திறந்து பார்த்தார்கள், மூடிவிட்டார்கள். நான் மருந்துக்கடையில் நிற்பவள், டாக்டர் எழுதுகிற சீட்டைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். அக்காவுக்குச் சீட்டுகூடத் தேவைப்படவில்லை. ஒரு நாள் தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னங்க, நான் போற அன்னைக்கு உங்க யானை சும்மா இருக்குமில்ல?"

அத்தான் ஜன்னலைப் பார்த்தார்.

"கேக்குறேன்ல. கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டுக் கேட்டு என் காது பாதி போச்சு. அன்னைக்கு ஒரு நாளாவது நிம்மதியா போறேனே."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னவளே, வெளையாட்டுக்குச் சொல்லல. அந்த எடத்துல சத்தம் வராதப்போ, இவர் என் பின்னாடி வர்றார்னு தெருவுக்கே தெரியும். ஆசையா ஒரு வார்த்தை வாயால சொன்னதில்ல இந்த மனுஷன். அன்னைக்காவது சொல்லட்டும்."

அத்தான் கட்டிலின் கால்பக்கம் போய் உட்கார்ந்து அவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் சம்மதம் சொல்கிற விதம் அதுதான்.

அதே வாரம் கேப்டன் பார்க்க வந்தார். வராந்தாவில் வைத்து அத்தான் திக்கித் திணறி அக்காவின் ஆசையைச் சொன்னார். கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டேய், அது நம்ம வழக்கம்டா. இதைப் போய் நீ என்கிட்டச் சொல்லணுமா? எங்கம்மாவுக்கு நீ செஞ்சதை மறந்துட்டு நான் சோறு திங்க முடியுமா?"

"நல்லா இருங்க அண்ணே" என்றேன் நான். எனக்கும் அழுகை வந்தது.

அந்த மாதங்களில் அத்தான் பயிற்சிக்கே போகவில்லை. கடை, ஆஸ்பத்திரி, அதை விட்டால் வீடு. ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் பேண்டு அறையைத் திறந்து உள்ளே போனார், கூடவே நானும். அந்த அறைக்குப் பூட்டுப் போட்டதே அவர்தான். யானையை எடுத்து மடியில் வைத்தார். நாள் கணக்கில் ஊதாமல் கிடந்தால் விரலால் அழுத்துகிற வால்வு இறுகிப்போகும், பித்தளை கறுத்துப்போகும். அது அப்படி இல்லை. பளபளவென்று இருந்தது. உள்ளே தேங்குகிற எச்சில் தண்ணீரை வடித்திருந்தார்கள். வால்வில் புது எண்ணெய். ஊதுவாயை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். அந்தத் துணி அவருடையது இல்லை.

அத்தான் நேரே டிரைவிங் ஸ்கூலுக்கு நடந்தார். கேப்டன் ஒரு பெண்ணைக் காரில் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"என் குழலை நல்லா பாத்துக்கிறடா. ரொம்ப..." என்று தொடங்கினார் அத்தான். அதற்கு மேல் வரவில்லை.

"நீ உன் வீட்டுக்காரியைப் பாரு. குழலை நாங்க பாத்துக்கிறோம்" என்றார் கேப்டன். சொல்லும்போது அத்தானைப் பார்க்கவில்லை. "கிளட்சை விடாதம்மா! விடாதன்னா விடாத!" என்று காரைப் பார்த்து அலறினார். முகத்தைப் படிக்கிற அத்தான் அன்று நன்றியில் நனைந்துபோய் நின்றார், எதையும் படிக்கவில்லை.

அக்கா ஒரு காலை வேளையில் போய்விட்டாள். மறுநாள் அடக்கம். வாசலில் வாடகை நாற்காலிகள், படியில் செருப்புக் குவியல், அடுக்களையில் யார் யாரோ. அத்தானுக்கு நான்தான் கோட்டு மாட்டிவிட்டேன். பெட்டியைத் தூக்கினார்கள். நாங்கள் பின்னால் போய் நின்றோம். அவர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் ஒரு ஊர்வலத்தில் அவர் வெறுங்கையோடு நடப்பது அதுதான் முதல் தடவை.

இரக்கப் பாட்டின் முதல் அடியைக் கார்னெட் தனியாகத்தான் ஊதும். இரண்டாம் அடியில் எல்லா வாத்தியமும் சேரும். அங்கேதான் அத்தானின் இடம். தெரு முழுக்க அந்த இடத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. எதிர் மாடியில் டிரம்காரர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். முதல் அடி முடிந்தது.

அந்த இடத்தில் சத்தம் வந்தது.

தெளிவாக, கனமாக, தரையிலிருந்து எழும்பி வருவதுபோல் யானை பிளிறியது. எனக்கு ஒரு நொடி புத்தி பேதலித்துவிட்டது. இந்த மனுஷன் மனசு கேட்காமல் முன்னால் போய் ஊதுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அத்தான் என் பக்கத்தில்தான் நின்றார். அவர் வலது கை விரல் மூன்றும் கோட்டுப் பொத்தானின் மேல் பாட்டோடு சேர்ந்து அழுத்தி அழுத்தி எழுந்தன, வால்வை அழுத்துவதுபோல். கொஞ்ச நேரத்தில் அவை நின்றுவிட்டன. எதிர் மாடியில் டிரம்காரர் மனைவி முந்தானையை இறக்கிவிட்டுக் குழப்பத்தோடு உள்ளே போனாள்.

முன்னால் எட்டிப் பார்த்தேன். யானையைக் கட்டிக்கொண்டு நடந்தவர் கேப்டனின் மருமகன். வங்கியில் வேலை பார்ப்பவர், போன வருஷம்தான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர்.

வாழ்நாள் முழுக்க அந்தத் தெருவுக்கே நடைபோடச் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கு அன்று கால் பின்னியது. முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் முக்கில் பெட்டி நின்றது, டியூபா அடிச்சுரத்தை அசையாமல் இழுத்துப் பிடித்தது. "எவ்வளவு நிறைவா இருக்கு பாரேன்" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். நடைபாதையில் பேண்டுக்கு இணையாக ஒரு ஆள் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். எங்கள் பக்கத்து ஆள் இல்லை, துக்கத்துக்கு வந்த உடையும் இல்லை. கல்லறை வாசலில் பாட்டு முடிந்ததும் கேப்டனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கேப்டன் தலையை லேசாக அசைத்தார். என் அக்கா பெட்டியில் இருக்கிறாள், அந்த ஆள் கட்டைவிரலைக் காட்டுகிறான்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். கேப்டன் முன்னறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது, அது எப்போதும் அங்கேதான் இருக்கும், அன்று வழிந்தது.

"யாரைக் கேட்டு அந்தக் குழலை ஊத வெச்சீங்க?"

"என்ன தங்கச்சி இப்படிக் கேக்குற? அடிச்சத்தம் இல்லாம மொட்டையா போனா நல்லாவா இருக்கும்? உங்க அக்காவுக்கு ஒரு குறையும் வெக்கக்கூடாதுன்னுதான்..."

"அந்தக் குறையைத்தானே அவ கேட்டா? ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு அழுதீங்களே, அது என்ன நாடகம்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "வந்திருந்தவங்க முன்னாடி அரைகுறையா ஊத முடியுமா, யோசிச்சுப் பாரு."

"வந்திருந்தவங்கன்னா யாரு? போனைத் தூக்கிட்டு வந்தவனா?"

விடாமல் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கினார். தலைநகரத்துப் பேராலயத்தில் பெரிய வெள்ளி ஊர்வலத்துக்கு வெளியூர் பேண்டு ஒன்றைக் கூப்பிடப் போகிறார்களாம். டிவியில் வருமாம். தேர்ந்தெடுக்கிற ஆள் நேரில் கேட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்வானாம். அவன் இந்தப் பக்கம் வந்த சமயத்தில் இந்த ஊர்வலம் அமைந்துவிட்டதாம்.

"அமைஞ்சுதா? எங்க அக்கா பெட்டியை வெச்சா பரீட்சை எழுதினீங்க?"

படியில் ஷூவைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த மருமகன் உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, அவர்கிட்டக் கேட்டாச்சு, அவரே ஊதச் சொல்லிட்டார்னு சொன்னீங்களே?"

கேப்டன் மருமகனை முறைத்தார். முறைப்பதற்கு அவருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த அத்தான் எழுந்தார். அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவர் மருமகனிடம் போனார்.

"எப்போலேர்ந்து ஊதறீங்க?"

"அவங்களை ஆஸ்பத்திரியில சேத்தாங்கல்ல, அந்த வாரத்துலேர்ந்துங்க. மாமாதான் சொல்லிக்குடுத்தார்."

"எண்ணெய் போட்டு, துணியில சுத்தி வெச்சது?"

"நான்தாங்க."

அத்தான் தலையை ஆட்டினார். சாவிக்கொத்தை எடுத்து, பேண்டு அறைச் சாவியை மட்டும் நிதானமாகக் கழற்றினார். வளையம் இறுக்கம், நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. கழற்றி கேப்டனின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அக்காவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேப்டன் "டேய்... டேய், இருடா" என்றார். நான் வாசலைக் காட்டினேன். அன்றிலிருந்து அந்த ஆளை நான் அண்ணே என்று கூப்பிடுவதில்லை.

எங்கள் பேண்டு பேராலயத்துக்குத் தேர்வாகிவிட்டது. அதற்குக் காரணமான அந்தப் போன் பதிவு கைக்குக் கை மாறி என் போனுக்கே வந்து சேர்ந்தது. மருந்து வாங்க வந்த ஒரு அம்மா "உங்க அக்கா ஊர்வலமாமே, கேக்க என்ன சுகம்!" என்றாள். பாக்கிச் சில்லறையைக் கையில் திணித்து அனுப்பினேன். பிறகு தனியாக நின்று பார்த்தேன். பெட்டி ஒரு ஓரமாக வருகிறது. தலைமுடி கலைந்து நான் வருகிறேன், யாரையோ தாங்கிப் பிடித்திருப்பது தெரிகிறது. யாரை என்பது தெரியவில்லை. அத்தான் அந்தப் படத்துக்குள் விழவே இல்லை.

கேப்டன் நாலைந்து தடவை பூட்டுக் கடைப் பக்கம் வந்தார். அத்தான் அரத்தை நிறுத்தாமல் ராவிக்கொண்டே இருந்தாராம். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஊரில் பாதிப் பேர் "ஒரு குழலுக்காக இவ்வளவு வீம்பா" என்று பேசினார்கள். பேசினவர்களுக்கு அக்கா கேட்டது தெரியாது, தெரிந்திருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அன்றைக்குப் போட்ட அதே கோட்டு.

"சின்னவளே, செருப்பைப் போடு."

எங்கே என்று கேட்கவில்லை, கேட்டாலும் பதில் வராது. அக்கா வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து நடக்கத் தொடங்கினார், பேண்டு நடையில், ஒரு கால் வைத்து நிதானித்து அடுத்த கால் வைத்து. அப்போது புரிந்துவிட்டது. அக்காவை அவள் கேட்ட மாதிரி இன்னொரு தடவை கொண்டுபோகிறார். சத்தமில்லாமல்.

என் முழங்கால் வலி எனக்கு. வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஒவ்வொரு முக்கிலும் நின்றார், தோள் மாற்றுகிற நேரம் வரை. மிதிவண்டியில் போன ஒருவன் எங்களைச் சுற்றிக்கொண்டு போனான். டிரைவிங் ஸ்கூல் மூடியிருந்தது. டிரம்காரர் வீட்டு மாடியில் அவர் மனைவி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு கையிலிருந்த துணியை முகத்தில் பொத்திக்கொண்டாள். அவளுக்குக் கேட்டுவிட்டது. அத்தான் நிமிர்ந்து நடந்தார். கால் பின்னவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்து அக்காவின் மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றோம். மண் இன்னும் முழுசாக அமுங்கவில்லை. அத்தான் கைகளைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கார்னெட் தொடங்கியது.

பேராலயத்துக்குப் போகப் பழகுகிறார்கள், ஞாயிறு மத்தியானமும் விடாமல். இரக்கப் பாட்டின் முதல் அடி. நான் "வாங்க அத்தான், போயிடலாம்" என்று கையை இழுத்தேன். அவர் அசையவில்லை. இரண்டாம் அடியில் டியூபா இறங்கியது. சுவர் தாண்டி, மண் தாண்டி, காலுக்கடியில் அது அதிர்வது எனக்கே தெரிந்தது.

"நல்லாத்தான் ஊதறான்" என்றார் அத்தான். அக்கா போனதிலிருந்து அழாத மனுஷனுக்குக் கண்ணீர் கோட்டில் சொட்டியது.

பிறகு மண்டி போட்டு உட்கார்ந்தார். மண்ணில் ஒரு கையை ஊன்றிக் குனிந்தார்.

"இந்தா," என்றார், "நான் உன் பின்னாடிதான் வந்தேன். அன்னைக்கும் பின்னாடிதான் வந்தேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் டியூபா அடிச்சுரத்தை இழுத்துப் பிடித்தது. அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, இன்னும் சத்தமாக, கத்திச் சொன்னார்.